‘எல்லாம் சரி’ என்று எழுதுவதற்கு முன்

நமது ஆண்டிதழில் கவிதை வரும், சிறுகதை வரும், தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் பற்றி ஆண்டு தவறாமல் ஒரு கட்டுரை வரும். கணினி நிரலைப் பற்றி ஒருவன் எழுத வந்தால், “இவனுக்கு இங்கே என்ன வேலை?” என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். நான் கணினி அறிவியல் துறையில் இறுதியாண்டு மாணவன். எழுத வந்திருப்பது நாற்பது வரி நிரலைப் பற்றி. அதை எழுதியவன் நான் அல்லன். அதைப் படித்துப் பார்த்து, “எல்லாம் சரி” என்று ஒப்புதல் கொடுத்தவன் நான்.

அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இக்கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் மதிப்பாய்வு செய்வது கையொப்பம் இடும் சடங்கு அன்று. புரியாத ஒரு வரியைப் புரிந்ததுபோல் கடந்து செல்பவர், அந்த வரியில் உள்ள பிழைக்கும் பங்காளி ஆகிவிடுகிறார். கணினி படிக்காத நண்பர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். நிரலில் நான் செய்த தவற்றை நீங்கள் கூட்டத்திலோ, குழுப் பணியிலோ, மருத்துவமனைப் பயிற்சியிலோ செய்திருக்கக்கூடும்.

நடந்தது என்ன?

சென்ற தவணையில் எங்களுக்கு ஒரு குழுத் திட்டப்பணி. நால்வர்: ஒரு மலாய்த் தோழி, இரண்டு சீன நண்பர்கள், நான். பேருந்துகள் நொடிக்கு நொடி அனுப்பும் இருப்பிடப் பதிவுகளைப் படித்து, எத்தனை பேருந்துகள் எங்கெங்கே நின்றுகிடக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள். கோப்புகள் பெரியவை. ஆகவே வேலையை எட்டு இழைகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். எழுதிய மொழி ரஸ்ட். குழுவில் ஒரு விதி வைத்திருந்தோம்: யார் எழுதினாலும், இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அது திட்டத்தில் சேரும்.

எங்களில் கெட்டிக்காரனான நண்பன் ஒரு நாள் பின்னிரவில் நாற்பது வரி எழுதி அனுப்பினான். கோப்பிலிருந்து படிக்கும் தரவை, செயலியின் கேஷ் லைனுக்கு நேராக நினைவகத்தில் அமர்த்தும் நிரல் அது. மதிப்பாய்வு என் பங்கு. படித்தேன். ‘அன்சேஃப்’ என்ற சொல் இரண்டு இடங்களில் இருந்தது. அந்த இரண்டு இடங்களும் எனக்குப் புரியவில்லை. “அவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்” என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு உறங்கப் போனேன்.

எங்கள் நான்கு மடிக்கணினிகளிலும் லினக்ஸ். நிரல் பிசகின்றி ஓடியது. படைப்பு நாளன்று கூடத்தில் இருந்த கணினியில் விண்டோஸ். முதல் கோப்பைப் படித்து முடித்த மறுநொடி எங்கள் மென்பொருள் நின்றுவிட்டது. மீண்டும் ஓட்டினோம், மீண்டும் அதே இடத்தில் நின்றது. விரிவுரையாளர் நிரலின் வரலாற்றைத் திறந்து பார்த்தார். அந்த நாற்பது வரிக்குக் கீழே ஒப்புதல் அளித்தவர் என்று என் பெயர். “இந்த வரி ஏன் பாதுகாப்பானது? நீங்கள்தானே பார்த்தீர்கள், சொல்லுங்கள்” என்றார். என்னிடம் பதில் இல்லை. எழுதியவனைக்கூட அவர் அப்படிக் கேட்கவில்லை.

ஒரே குறிப்பேடு, இரண்டு மாணவர்கள்

அந்த நிரல் எதற்காக எழுதப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். செயலி மிக வேகமானது. முதன்மை நினைவகம் அதற்கு ஈடுகொடுக்காது. நினைவகத்துக்குப் போய் ஒரு மதிப்பை எடுத்துவரச் சில நூறு துடிப்புகள் கூட ஆகலாம். ஆகவே செயலி தன் அருகிலேயே கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்தை வைத்துக்கொள்கிறது. அதன் முதல் அடுக்கிலிருந்து எடுக்க நான்கைந்து துடிப்பு போதும். ஆனால் கேஷ் ஒவ்வொரு பைட்டாக எடுத்து வருவதில்லை. ஒரு கட்டாக எடுத்து வருகிறது. அந்தக் கட்டுக்குத்தான் கேஷ் லைன் என்று பெயர். நம் மடிக்கணினிகளில் பெரும்பாலும் உள்ள இன்டெல், ஏஎம்டி செயலிகளில் அது 64 பைட்டு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் இரண்டு மாணவர்கள் ஒரே குறிப்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் முதல் பக்கத்தில் எழுதுகிறான். மற்றவன் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறான். ஒருவன் எழுதியதை மற்றவன் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் குறிப்பேடு ஒன்றுதான். ஒருவன் எழுத வேண்டுமானால் அது அவன் மேசைக்கு வர வேண்டும். எழுதியவுடன் அடுத்தவன் பிடுங்கிக்கொள்வான். எழுதும் நேரத்தைவிடக் குறிப்பேடு இங்கும் அங்கும் அலையும் நேரமே அதிகம்.

செயலியின் இரண்டு கோர்கள் ஒரே கேஷ் லைனில் உள்ள இரண்டு வெவ்வேறு எண்களை மாற்றும்போது நடப்பது இதுதான். எழுதும் உரிமை ஒரு நேரத்தில் ஒரு கோருக்கு மட்டுமே உண்டு. இதைப் பொய்ப் பகிர்வு என்று சொல்லலாம். உண்மையில் அவை எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை. தீர்வு எளிது: ஆளுக்கொரு குறிப்பேடு வாங்கிக்கொடுப்பது. அதாவது ஒவ்வோர் இழையின் எண்ணும் தனித்தனிக் கேஷ் லைனில் அமரும்படி நேர்ப்படுத்துவது.

ரஸ்ட்டில் இதற்கு வசதி உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்த 1.25 பதிப்பிலிருந்து, ஒரு தரவு வகைக்கு மேல் ‘ரெப்ர் அலைன் 64’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். அந்த வகையைச் சேர்ந்த எதுவும் 64ஆல் வகுபடும் முகவரியில்தான் அமரும். ரஸ்ட்டில் ஒரு வகையின் அளவு அதன் நேர்ப்படுத்தலின் மடங்காகவே இருக்க வேண்டும் என்பதால், 8 பைட்டு எண்ணும் தானாகவே 64 பைட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி வெற்றிடம்.

பிழை எங்கே இருந்தது?

ரஸ்ட் மொழியின் பெருமையே அதன் தொகுப்பிதான். நினைவகத்தைத் தவறாகக் கையாண்டால் நிரலை ஏற்றுக்கொள்ளாது. கண்டிப்பான தலைமையாசிரியர்போல் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் சில வேலைகளைத் தொகுப்பியால் சரிபார்க்க இயலாது. அந்த இடத்தில் நிரலாளர் ‘அன்சேஃப்’ என்று எழுதி, “இதற்கு நான் பொறுப்பு” என்று ஏற்றுக்கொள்கிறார். தொகுப்பி அந்த இடத்தில் தன் காவலை ஒரு மனிதரிடம் ஒப்படைக்கிறது. அந்த மனிதருக்குத் துணையாக நிற்கும் இரண்டாவது ஆள்தான் மதிப்பாய்வாளர். அவரும் தூங்கிவிட்டால் வாசலில் யாருமே இல்லை.

நண்பன் செய்தது இதுதான். 64 பைட்டுக் கட்டுகளால் ஆன ஒரு ‘வெக்’ பட்டியலை உருவாக்கினான். அதனால் நினைவகம் 64க்கு நேராகக் கிடைத்தது. இதுவரை சரி. பிறகு அந்த முகவரியை எடுத்து, பழைய பட்டியலை ‘மறந்துவிடு’ என்று சொல்லி, அதே முகவரியில் சாதாரண பைட்டுகளின் ‘வெக்’ ஒன்றை அமைத்தான். நிரலின் மற்றப் பகுதிகள் பைட்டுப் பட்டியலையே எதிர்பார்த்தன. அதற்காக இந்தக் குறுக்குவழி.

பைட்டுகளின் ‘வெக்’ தன்னிடம் முகவரி, கொள்ளளவு, நீளம் ஆகிய மூன்றை மட்டுமே வைத்திருக்கும். தன் நினைவகம் எந்த நேர்ப்படுத்தலில் வாங்கப்பட்டது என்பதை அது எழுதி வைப்பதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது தன் தரவு வகையைப் பார்த்துச் சொல்லும். பைட்டுக்கு நேர்ப்படுத்தல் 1. ஆக, 64 என்று சொல்லி வாங்கிய நினைவகம் 1 என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும், குறைவாக இருந்தாலும் போதாது என்று ரஸ்ட்டின் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. நாங்கள் அதைப் படிக்கவில்லை.

லினக்ஸில் ஏன் ஓடியது? அங்கே நினைவகத்தைத் திரும்பப் பெறும் பகுதிக்கு முகவரி மட்டும் போதும். நேர்ப்படுத்தலை அது கேட்பதே இல்லை. விண்டோஸில் கதை வேறு. 64 பிட்டுக் கணினியில் 16ஐவிடப் பெரிய நேர்ப்படுத்தல் வேண்டுமென்றால், ரஸ்ட்டின் நூலகம் சற்றுக் கூடுதலாக இடம் வாங்கி, உள்ளே நகர்ந்து நேரான முகவரி ஒன்றைப் பிடித்து, உண்மையான தொடக்க முகவரியை அதற்குச் சற்று முன்னால் குறித்து வைக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது “1” என்று சொன்னால், அந்தக் குறிப்பைத் தேட வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. நகர்ந்த முகவரியையே விண்டோஸிடம் நீட்டுகிறது. அடகுக்கடைக்காரர் தராத சீட்டைக் கொண்டுபோய் நகையைக் கேட்டால் என்ன நடக்கும்? அதுதான் கூடத்தில் நடந்தது.

இவ்வகைப் பிழையை வரையறுக்கப்படாத நடத்தை என்பார்கள். இதன் கொடுமை, பல நாள் ஒழுங்காக ஓடுவதுதான். ஓடுகிறது என்பது சரி என்பதற்குச் சான்று ஆகாது. இப்படிப்பட்ட இடத்தில் சோதனைகளை மட்டும் நம்ப முடியாது; ஒரு மனிதர் காரணம் கேட்டாக வேண்டும்.

தீர்வு பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுகளின் பட்டியலை மறக்காமல், அதையே உள்ளே வைத்திருக்கும் ஒரு புதிய வகையை அமைத்து, வெளியே கேட்பவர்களுக்குப் பைட்டுகளாகப் பார்க்க மட்டும் கடன் கொடுத்தால் போதும். கடன் வாங்கியவர் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் செய்வதில்லை. உரிமையாளர் கட்டுகளாக வாங்கினார். கட்டுகளாகவே திருப்பிக் கொடுப்பார்.

தேவையே இல்லாத நாற்பது வரி

பிழையைத் திருத்திய பிறகு இன்னொன்று தெரிந்தது. அது என்னை இன்னும் அதிகமாக வெட்கப்பட வைத்தது. நேர்ப்படுத்தியும் நேர்ப்படுத்தாமலும் நிரலை ஓட்டி நேரம் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு எதுவும் இல்லை. ஏன்? அந்த இடத்தில் எட்டு இழைகளும் தரவைப் படிக்க மட்டுமே செய்தன. குறிப்பேட்டுச் சண்டை எழுதும்போதுதான் வரும். படிப்பதற்கு ஆளுக்கொரு நகல் இருந்தால் போதும். கேஷ் அதைத் தாராளமாகக் கொடுக்கிறது. ஆக, அந்த நாற்பது வரிகளால் எங்களுக்குக் கிடைத்த பயன் ஒன்றுமில்லை.

உண்மையான சண்டை வேறோர் இடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இழைக்கும் ஓர் எண்ணி வைத்திருந்தோம். எட்டு எண்ணிகள், ஒவ்வொன்றும் 8 பைட்டு, அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. எட்டெட்டு அறுபத்து நான்கு! ஒரே கேஷ் லைனில், மிஞ்சிப்போனால் இரண்டில், எட்டுப் பேரும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். இழைகள் கூடக்கூட எண்ணும் பகுதி வேகம் குறைந்ததற்கு இதுதான் காரணம். அந்த எண்ணி வகைக்கு மேல் ஒரு வரிக் குறிப்பு எழுதினோம். ‘அன்சேஃப்’ தேவைப்படவில்லை. தடை நீங்கியது. நண்பனின் எண்ணம் சரியானதே; வைத்த இடம்தான் தவறு. “எந்த இழை இதில் எழுதுகிறது?” என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அன்றிரவே இருவரும் எண்ணிகளிடம் வந்து சேர்ந்திருப்போம்.

ஏன் கேட்கவில்லை?

இங்கே என் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். நான் படித்தது சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளி. வகுப்பில் பதினொரு பேர். கேள்வி கேட்பதற்குப் பெயர்போனவன் நான், “உன் வாய்க்கு ஓய்வே இல்லையா?” என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். முதலாம் படிவத்தில் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். வகுப்பில் நாற்பதுக்கு நெருக்கமானவர்கள். முதல் வாரத்தில் எழுந்து மலாயில் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. பதின்மூன்று வயதில் அது தெரியாது. அன்றோடு என் கேள்விகள் நின்றன. “ஃபஹாம்?” என்று கேட்டால் “ஃபஹாம், சிக்கு” என்று எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டக் கற்றுக்கொண்டேன். மலாயும் ஆங்கிலமும் பிறகு நன்றாகவே வந்துவிட்டன. தலையாட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

நிரலாளர்கள் மதிப்பாய்வில் ‘எல்ஜிடிஎம்’ என்று நான்கு எழுத்துப் போடுவார்கள். “எனக்கு நன்றாகவே தோன்றுகிறது” என்று பொருள். அன்றிரவு நான் போட்ட “எல்லாம் சரி” அதுதான். முதலாம் படிவத்து “ஃபஹாம், சிக்கு”வும் அதுதான்.

இதை நம்மவர்களின் தனிக் குறை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் குழுவில் மற்ற மூவரும் இப்படித்தான் இருந்தோம் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பெரியவரை எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் வளர்க்கப்படுகிறோம். பள்ளி மாறும்போது மொழி தடுமாறி வாய் மூடிக்கொள்கிறோம். இரண்டும் சேர்ந்து, கேள்வி கேட்பவன் அறியாதவன், கேட்காதவன் அறிந்தவன் என்ற தலைகீழ்க் கணக்கை நமக்குள் எழுதிவிடுகின்றன.

அந்தப் படைப்பு முடிந்த அன்று மாலை, உணவகத்தில் நண்பன் என்னிடம் ஒன்று சொன்னான். அந்தக் குறுக்குவழி எங்கோ பார்த்து எடுத்ததாம். ஏன் ஓடுகிறது என்பது அவனுக்கும் சரியாகத் தெரியாதாம். “நீ ஒப்புதல் கொடுத்ததும், உனக்குப் புரிந்துவிட்டது, ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ கேட்டிருந்தால், எனக்குத் தெரியாது என்பது எனக்கே அன்று தெரிந்திருக்கும்” என்றான். நான் அவனை நம்பினேன்; அவன் என்னை நம்பினான். நடுவில் நிரலை யாருமே படிக்கவில்லை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இத்தகைய நிரல் உங்கள் மேசைக்கு வந்தால் என்ன கேட்கலாம்? என் தவற்றிலிருந்து நான் எழுதி வைத்துக்கொண்டவை நான்கு.

முதலாவது: அளந்து பார்த்தீர்களா? நேர்ப்படுத்துவதற்கு முன் எவ்வளவு நேரம், பின் எவ்வளவு நேரம்? அளவீடு இல்லாமல் வேகத்துக்காக எழுதப்பட்ட நிரல் வெறும் நம்பிக்கை. இதற்கு விலையும் உண்டு. ஒரு மில்லியன் எண்ணிகள் இருந்தால் அவற்றுக்கு 8 மில்லியன் பைட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஷ் லைன் கொடுத்தால் 64 மில்லியன் பைட்டு ஆகும். கேஷைக் காப்பாற்றப் போய்க் கேஷையே நிரப்பிவிடுவோம்.

இரண்டாவது: இந்த 64 எங்கிருந்து வந்தது? ஆப்பிளின் எம் வரிசைச் செயலிகளில் கேஷ் லைன் 128 பைட்டு. ரஸ்ட் நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கிராஸ்பீம் நூலகத்தில் ‘கேஷ்பேடட்’ என்ற வகை இருக்கிறது. அது 64 பிட்டு இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கும் 128ஐயே எடுத்துக்கொள்கிறது. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல், இன்டெல் செயலிகள் பக்கத்துக் கேஷ் லைனையும் சேர்த்து இணையாக இழுத்து வருவதுண்டு என்பதே காரணம். ஐபிஎம்மின் பெருங்கணினிச் செயலிக்கு அதே நூலகம் 256 வைத்திருக்கிறது. ஆகவே ஒரு தனி எண்ணை மனப்பாடமாக எழுதுவதைவிட, பலர் பார்த்துத் திருத்திய இத்தகைய வகையைப் பயன்படுத்துவதே மேல்.

மூன்றாவது: நேர்ப்படுத்தியது எதை? இது எளிதில் ஏமாற்றும் இடம். எட்டு எண்ணிகளையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்கு மட்டும் ‘அலைன் 64’ போட்டால், பெட்டியின் தொடக்கம்தான் நேராகும். உள்ளே எட்டும் பழையபடி ஒரே லைனில்தான் இருக்கும். குறிப்பு ஒவ்வோர் எண்ணியின் மேலும் இருக்க வேண்டும். நிரலில் ‘அலைன்’ என்ற சொல்லைக் கண்டதும் தலையாட்டுபவர் இதைத் தவறவிடுவார்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்த ‘அன்சேஃப்’ ஏன் பாதுகாப்பானது? ரஸ்ட் சமூகத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒவ்வோர் ‘அன்சேஃப்’ பகுதிக்கு மேலும் ‘சேஃப்டி’ என்று தொடங்கி, காரணத்தைச் சொற்களில் எழுதுவார்கள். காரணம் எழுதப்படாவிட்டால் ஒப்புதல் இல்லை. எழுதப்பட்டிருந்தால், அது உண்மையா என்று ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வாங்கியவர் யார், திருப்பிக் கொடுப்பவர் யார், இருவரும் ஒரே அளவைத்தான் சொல்கிறார்களா? ‘மிரி’ என்ற கருவியும் இருக்கிறது. ஒரு சிறிய சோதனையை அதில் ஓட்டினால் எங்கள் பிழையைப் போன்றவற்றைச் சுட்டிக்காட்டிவிடும். ஆனால் கருவியை ஓட்டலாமே என்று சொல்லவும் ஒரு மனிதர் வேண்டும்.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?”

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. தவணைத் தேர்வுகள், பகுதிநேர வேலை, ஒப்படைப்பு நாள் எல்லாம் நெருக்கும்போது நாற்பது வரிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? இது நேர்மையான கேள்விதான். என் பதில்: எல்லா வரிகளுக்கும் வேண்டாம். திரையில் எழுத்தின் நிறத்தை மாற்றும் நிரலுக்கு ஐந்து நிமிடம் போதும். தொகுப்பி கைவிட்ட இடத்துக்கு மட்டும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். ரஸ்ட் அந்த இடத்தை ஒரே சொல்லால் குறித்தே கொடுத்துவிடுகிறது. எங்கே விழித்திருக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் மொழிகள் அதிகமில்லை.

நேரமில்லை என்று விடுவதன் விலையை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையைக் கணினி மாணவர்கள் அறிவார்கள். இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைக்குறியீட்டு நூலகத்தில், ஒரு நீளம் சரிபார்க்கப்படாமல் விடப்பட்டது. அந்த நிரலும் சேர்க்கப்படுவதற்கு முன் மதிப்பாய்வு செய்யப்பட்டதுதான். பார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. அனுபவசாலிகளுக்கே இப்படி என்றால், பத்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுக்கும் நாம் எம்மாத்திரம்?

இன்று இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. நாற்பது வரி நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி நாற்பது நொடியில் எழுதித் தருகிறது. தடுமாற்றமே இல்லாத நிரலாக அது தோன்றும். எழுதுவது மலிவாகிவிட்ட காலத்தில், படித்துக் காரணம் கேட்பதுதான் மதிப்புள்ள வேலை. பட்டம் பெற்று நாம் வேலைக்குப் போகும்போது நம் பெயர் நிற்கப்போவது பல இடங்களில் ‘எழுதியவர்’ என்ற கட்டத்தில் அன்று. ‘ஒப்புதல் அளித்தவர்’ என்ற கட்டத்தில். தலையாட்டும் பழக்கத்தோடு அந்தக் கட்டத்தில் அமர்ந்தால், நம் பெயரே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

நிறைவாக

திருக்குறளில் கேள்வி என்றோர் அதிகாரம் உண்டு, நாற்பத்து இரண்டாவது. பள்ளியில் அதைப் படித்தபோது, அங்கே கேள்வி என்றால் வினா எழுப்புவதன்று, சான்றோர் சொல்லைச் செவியால் கேட்டறிவது என்று ஆசிரியை விளக்கினார். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. மதிப்பாய்வாளருக்கு இரண்டு கேள்வியும் வேண்டும். முதலில் நிரல் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். பிறகு புரியாததை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்பவர் தலையாட்டுவார். இரண்டாவதை மட்டும் செய்பவர் குறை காண்பார். இரண்டையும் செய்பவரே எழுதியவருக்கு உண்மையான துணை.

இந்தத் தவணையில் நாங்கள் நால்வரும் மீண்டும் ஒரே குழுவில் இருக்கிறோம். போன வாரம் அதே நண்பன் எனக்கு ஒரு நிரல் அனுப்பினான். ஓரிடத்தில் ‘அன்சேஃப்’. மேலே நான்கு வரியில் காரணம் எழுதியிருந்தான். மூன்று வரி புரிந்தது. நான்காவது புரியவில்லை. “நான்காவது வரி எனக்குப் புரியவில்லை, விளக்குவாயா?” என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கை ஒரு கணம் நின்றது. முதலாம் படிவத்து வகுப்பறையின் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. அழுத்திவிட்டேன்.

சற்று நேரத்தில் பதில் வந்தது: “நல்ல கேள்வி. எழுதிப் பார்த்தால் எனக்கும் சரியாக வரவில்லை. நாளைக்கு உட்கார்ந்து பேசலாம்.”

நண்பர்களே, உங்கள் துறை எதுவாயினும், யாராவது ஒரு தாளை நீட்டி “பார்த்துவிட்டுக் கையொப்பம் போடுங்கள்” என்று சொல்லும் நாள் வரத்தான் போகிறது. அன்று “எல்லாம் சரி” என்று எழுதுவதற்கு முன், புரியாத ஒரு வரியையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.